பத்தாவது ஆள்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலுக்கு வந்தபோது, அரைத்த இட்லி மாவு 18 சதவீத வரிப் பட்டியலில் இருந்தது. செப்டம்பர் 9 அன்று ஐதராபாத்தில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அதை 12 சதவீதமாக்கியது. நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் கூடியபோது 5 சதவீதத்துக்கு இறக்கியது. அரிசி அதே அரிசி, உளுந்து அதே உளுந்து. நான்கரை மாதத்துக்குள் மாவு மட்டும் மூன்று வரிகளைப் பார்த்துவிட்டது.

குவாஹாட்டியில் அன்று தப்பித்தது இட்லி மாவு மட்டுமில்லை. 178 பொருள்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கைப்பை, பயணப்பை, சூட்கேஸ் எல்லாம் அதில் அடக்கம். பதனிட்டு முடித்த தோலுக்கு இருந்த 12 சதவீதம் 5 ஆனது. மும்பையின் தாராவியை அறிந்தவர்கள் அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். விடியும் முன்பே இட்லி அவித்து நகரத்துக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களும், தோல்பை தைக்கும் பட்டறைகளும் ஒரே பேட்டைக்குள் இருக்கும் இடம் அது. ஒரே கூட்டத்தில் இரண்டு பேருடைய கணக்கும் மாறிப்போனது.

வரி குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் 28 சதவீத வரியோடு பை விற்க முடியாமல் ஜூலையில் ஆர்டரை இழந்த பட்டறைக்கு, நவம்பரில் யாரும் அந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. ஒரு விதி தொழிலை என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். அல்லது விதியைப் போட்டுவிட்டு, எழுகிற கூச்சலைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். நாம் பெரும்பாலும் பழகியிருப்பது இரண்டாவது வழி. அதில் உள்ள சிக்கல், கூச்சல் போடுவதற்குச் சங்கம் வேண்டும் என்பது.

ஓட்டல்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. மும்பையின் மாட்டுங்காவை எடுத்துக்கொள்வோம். ஏ. ராம நாயக் 1942-ல் ரயில் நிலையத்துக்கு அருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து கஃபே மெட்ராஸ் என்று தென்னிந்தியச் சாப்பாட்டுக்குப் பெயர்போன வட்டாரம். ஜிஎஸ்டி தொடங்கியபோது ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி உள்ளதற்கு 18 சதவீதம். மாடியில் ஒரு ஏசி அறை, கீழே மின்விசிறிக் கூடம் என்று இருந்தால்? ஓட்டலின் ஏதாவது ஒரு பகுதியில் ஏசி இருந்தாலும், கீழே உட்கார்ந்து சாப்பிடுபவருக்கும், வாசலில் நின்று பார்சல் வாங்கிப் போகிறவருக்கும் 18 சதவீதம்தான் என்று 2017 ஆகஸ்டில் மத்திய வரி வாரியம் விளக்கம் கொடுத்தது. மேலே ஓடுகிற குளிர்சாதனத்துக்குக் கீழே இருக்கிற சாம்பார் வரி கட்டியது! நாடு முழுவதும் ஓட்டல்காரர்கள் முறையிட்டார்கள். நவம்பர் 15 முதல் உள்ளீட்டு வரிக் கழிவு இல்லாத ஒரே 5 சதவீதம் வந்தது.

தாராவியின் இட்லிக்காரருக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து சரக்கு விற்பவர்களுக்கு அந்த வரம்பு 40 லட்சம். அப்படியானால் சிறியவர் தப்பித்துவிட்டார் என்றுதானே தோன்றும்? அங்கேதான் இன்னொரு விதி உட்கார்ந்திருந்தது. பதிவில்லாதவர்களிடம் ஒரு நாளில் 5,000 ரூபாய்க்கு மேல் சரக்கோ வேலையோ வாங்கினால், வாங்குகிற பதிவு பெற்ற நிறுவனமே அவர்கள் சார்பில் வரியைக் கட்டி, பில்லையும் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் சேட்டு இந்தத் தலைவலியை வாங்குவார்? பதிவு பெற்ற இன்னொருவரிடம் போய்விடுவார். 2017 அக்டோபர் 13 அன்று இந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றரை மாதம் அது உயிரோடு இருந்தது. அந்த மூன்றரை மாதத்தில் கைமாறிப்போன வாடிக்கைகள் எத்தனை என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கு இருக்க முடியாது. பதிவில்லாதவர் இழந்ததைப் பதிவு செய்வது யார்?

முன்கூட்டிக் கணக்குப் பார்க்கும் முறைக்குக் கொள்கை வட்டாரத்தில் ஒழுங்குமுறை விளைவு மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. ஒரு விதியைக் கொண்டுவரும் முன் அரசு தனக்குத்தானே சில கேள்விகள் கேட்டு, பதிலை எழுதி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். என்ன பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறோம்? வேறு வழி உண்டா? யாருக்கு எவ்வளவு செலவு, யாருக்கு எவ்வளவு நன்மை? அமெரிக்காவில் 1981-ல் ரீகன் பிறப்பித்த ஆணை, பெரிய விதிகளுக்கு இப்படிச் செலவு–நன்மைக் கணக்கு கட்டாயம் என்றது. அதற்கு முந்தைய ஆண்டே, சிறு தொழில்களுக்கு என்ன ஆகும் என்று தனியாகப் பார்க்கச் சொல்லும் சட்டம் அங்கே வந்துவிட்டது. சிறியவர்களைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் சாதாரணக் கூட்டல் கழித்தல்தான். ஒரு விதிக்காகக் கணக்காளருக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4 கோடி ரூபாய் விற்கும் நிறுவனத்துக்கு அது கண்ணில் படாத தொகை. மாதம் 4 லட்சம் விற்று அதில் 20,000 மிச்சம் பார்க்கும் பட்டறைக்கு லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. விதி இருவருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை முதன்முதலில் உலகம் திரும்பிப் பார்க்கும்படி செய்தது ஒரு தையல் பட்டறை. 1983-ல் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு, ஒரு சிறு ஆயத்த ஆடைப் பட்டறைக்குச் சட்டப்படி எல்லா அனுமதியும் வாங்கிப் பார்ப்பது என்று கிளம்பியது. 11 அனுமதிகள் தேவைப்பட்டன. 289 நாள் ஆனது. செலவு, அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதக் கூலியைப் போல் 30 மடங்குக்கு மேல். பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். அதில் இரண்டு முறை கொடுக்காமல் அடுத்த மேசைக்கு நகரவே முடியவில்லை. லிமாவின் ஏழைத் தொழில்முனைவோர் ஏன் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, அவர்கள் சோம்பேறிகள் என்றோ வரி ஏய்ப்பவர்கள் என்றோ அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த 289 நாள் பதில் சொன்னது.

உலக வங்கி இந்த யோசனையை உலகம் முழுவதற்கும் விரித்து, 2003 முதல் ‘டூயிங் பிசினஸ்’ என்ற தரவரிசை அறிக்கையை வெளியிட்டது. அதில் இந்தியா 2015 பதிப்பில் 142-வது இடம், 2020 பதிப்பில் 63-வது இடம். இந்தத் தாவலில் மும்பைக்கு நேரடிப் பங்கு உண்டு. இந்தியா என்ற பெயரில் அந்த அறிக்கை அளந்தது டெல்லியையும் மும்பையையும் மட்டும்தான். கட்டட அனுமதிக்கான தரவரிசையில் 2018-ல் 181-வது இடத்தில் இருந்த நாடு 2020-ல் 27-க்கு வந்தது. இரண்டு மாநகராட்சிகளும் படிகளைக் குறைத்து, விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றியதன் பலன் அது. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் எந்தக் கட்டடத்தை வைத்து அளந்தார்கள்? சுமார் 14,000 சதுர அடியில் ஒரு இரண்டடுக்குக் கிடங்கு. எந்த நிறுவனத்தை வைத்து? பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி, தொடங்கிய ஒரு மாதத்தில் 10 முதல் 50 ஊழியர்கள். தாராவியில் இருநூறு சதுர அடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், பகலில் மெஷின் ஓடும். மேலே மாலா என்கிற பரணில் இன்னொரு பட்டறை, இல்லையென்றால் வேலையாட்களின் படுக்கை. அப்படி ஒரு இடம் அந்த மாதிரிக்குள் நுழையவே வழியில்லை. மும்பையை அளந்த அறிக்கை, மும்பையின் நடுவே சுமார் 600 ஏக்கரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. புள்ளிவிவரங்களில் முறைகேடு நடந்ததாகத் தெரிந்ததும் 2021 செப்டம்பரில் உலக வங்கி அறிக்கையையே நிறுத்திவிட்டது.

சரி, தாராவியின் அளவுக்கு இறங்கி வந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு தோல்பைப் பட்டறையை எண்ணிக்கொள்வோம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு கோடு போட்டது: மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. உள்ளே வந்தால் காற்றோட்டம், கழிப்பறை, வேலை நேரம், கூடுதல் நேரக் கூலி, பதிவேடுகள், ஆய்வாளர். ஒவ்வொன்றும் தொழிலாளிக்குத் தேவையானதுதான், மறுப்பதற்கில்லை. இப்போது தீபாவளிக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வருகிறது. மூன்று ஆள் கூடுதலாக வேண்டும். முதலாளி என்ன செய்வார்? பக்கத்துக் கோலியை மைத்துனர் பெயரில் எடுத்து அங்கே மூன்று மெஷின் போடுவார். அல்லது பீஸ் கணக்கில் வெளியே தைக்கக் கொடுப்பார். அல்லது ஆர்டரை வேண்டாம் என்பார். மூன்றில் எது நடந்தாலும், சட்டம் யாரைக் காப்பாற்ற நினைத்ததோ அந்தத் தொழிலாளி சட்டத்துக்கு வெளியிலேயே நிற்கிறார். பத்தாவது ஆளுக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவருக்குக் கழிப்பறையும் கிடைத்திருக்கும்.

இது ஊகமில்லை என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அம்ரித் அமிரபு, மைக்கேல் கெக்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2005-ம் ஆண்டு இந்தியப் பொருளாதாரக் கணக்கெடுப்பை எடுத்து, எத்தனை ஆள் வைத்த நிறுவனங்கள் எத்தனை இருக்கின்றன என்று வரிசைப்படுத்தினார்கள். எண்ணிக்கை ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்து, பத்து என்ற இடத்தில் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. பத்தைத் தாண்டும் நிறுவனத்துக்கு ஆள் ஒருவருக்கான செலவு 35 சதவீதம் கூடுவதற்குச் சமம் அது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதைவிடச் சுவையானது அடுத்த கண்டுபிடிப்பு. ஊழல் அதிகமுள்ள மாநிலங்களில் அந்தப் படி இன்னும் ஆழம். சட்டத்தில் எழுதியிருப்பதை நிறைவேற்றும் செலவைவிட, அதைக் காட்டி வருகிறவர் வாங்கும் மாமூல்தான் பட்டறைக்காரரைப் பயமுறுத்துகிறது. மும்பையில் அதற்கு ஹப்தா என்று பெயர். எந்த அரசாணையின் செலவுப் பத்தியிலும் ஹப்தாவுக்கு ஒரு வரி கிடையாது.

வளராமலே வயதாகும் இந்த நிறுவனங்களை 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை குள்ளர்கள் என்று அழைத்தது. பத்து வயதைத் தாண்டியும் நூறு ஆளைத் தாண்டாதவை அவை. ஒழுங்கமைந்த உற்பத்தித் துறையில் எண்ணிக்கையில் பாதி இவைதாம். வேலைவாய்ப்பில் பங்கு 14 சதவீதம் மட்டும். அந்தப் பெயர் ரசனைக் குறைவானது. தவிர, வளராததற்கு அவர்களையே குற்றம் சொல்வது போன்ற தொனியும் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 1948 சட்டத்தின் 10, 20 என்ற கோட்டை 20, 40 என்று நகர்த்தியிருக்கின்றன. பத்தாவது ஆளுக்கு இனி வேலை கிடைக்கலாம். தயக்கம் இருபதாவது ஆளிடம் போய் நிற்கும்.

கால அவகாசமும் ஒரு செலவுதான். மகாராஷ்டிர அரசு 2018 மார்ச் 23 அன்று பிளாஸ்டிக் பைகள், தெர்மகோல் தட்டுகள் உள்ளிட்டவற்றுக்குத் தடை ஆணை வெளியிட்டது. கையிருப்பைத் தீர்க்க முதலில் ஒரு மாதம் கொடுத்தார்கள். பிறகு அது மூன்று மாதமாக நீண்டு, ஜூன் 23 முதல் அபராதம் தொடங்கியது: முதல் முறை 5,000 ரூபாய், இரண்டாம் முறை 10,000, மூன்றாம் முறை 25,000 ரூபாயோடு மூன்று மாதச் சிறை. பேரங்காடிக்கும் 5,000, சட்னியைப் பொட்டலம் கட்டிக்கொடுக்கும் சைக்கிள்காரருக்கும் 5,000. சில நாள்களிலேயே மளிகைக் கடைகளுக்குத் தளர்வு வந்தது. அதே ஆண்டு ஜூன் 5 அன்று தமிழ்நாட்டில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் இதே மாதிரியான தடையை அறிவித்தார். அமல் 2019 ஜனவரி 1. கிட்டத்தட்ட ஏழு மாதம். தமிழ்நாட்டில் தடை முழு வெற்றி பெற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பை தயாரிப்பவர் மெஷினை மாற்றவோ விற்கவோ ஏழு மாதம் என்பது ஒரு வாய்ப்பு. மூன்று மாதம், அதுவும் பாதி வழியில் நீட்டிக்கப்பட்ட மூன்று மாதம், வெறும் பதற்றம்.

தோல் தொழிலின் கதை இன்னும் நீளமானது, கடினமானதும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாராவிக்குத் தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் முக்கியமானவர்கள். பதனிடும் கூடங்கள் பிற்பாடு வெளியேறின. தோலை உப்பிட்டு அனுப்புவது, பை, பெல்ட், பர்ஸ் தைப்பது, சயான் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் விற்பது என்று தொழில் உருமாறி நின்றது. 1976-ம் ஆண்டுச் சட்டம் மகாராஷ்டிரத்தில் பசுவதையைத் தடை செய்திருந்தது. காளை, எருதுகளையும் அதில் சேர்க்கும் திருத்த மசோதா 1995-ல் உருவானது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து அது சட்டமானது 2015 மார்ச்சில். இருபது ஆண்டு கழித்து! 2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வந்த மாட்டிறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை ரத்து செய்தது.

ஒரு சமூகம் தன் நம்பிக்கைக்காகவோ கொள்கைக்காகவோ ஒரு தடையைத் தேர்ந்தெடுக்கலாம். விளைவு மதிப்பீடு அதைத் தடுக்கும் கருவி அல்ல. தேர்வுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று முகவரியோடு சொல்வதுதான் அதன் வேலை. 1995-ன் தாராவி வேறு, 2015-ன் தாராவி வேறு. இடையில் தோலின் வரத்து, தொழிலில் இருந்தவர்கள், எருமைத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாற முடிந்தவர்கள், முடியாதவர்கள் எல்லாம் மாறியிருந்தார்கள். இருபது ஆண்டு தூங்கிய மசோதாவை எழுப்பும்போது கணக்கை மறுபடி பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2017 மே 23 அன்று, சந்தைகளில் மாடுகளை வெட்டுவதற்காக விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. வாழ்வாதாரத்தைப் பற்றிய கேள்விகள் விதி எழுதப்படும் மேசையில் கேட்கப்படாதபோது, அவை நீதிமன்றத்தில் போய்க் கேட்கப்படுகின்றன. அங்கே போக வக்கீல் வேண்டும்.

மேசையில் கேட்கச் சொல்லும் ஏற்பாடு இந்தியாவில் இல்லாமலில்லை. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு வகுத்த ஒரு கொள்கைப்படி, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். பாதிக்கப்படுபவர்களின் வாழ்வுக்கும் வாழ்வாதாரத்துக்கும் என்ன விளைவு என்ற மதிப்பீடும் கூடவே இருக்க வேண்டும். படித்தால் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது கொள்கை மட்டுமே, சட்டம் அல்ல. மாநில அரசாணைகளையும் கட்டுப்படுத்தாது. அதற்கு முந்தைய ஆண்டு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் முன்னாள் தலைவர் எம். தாமோதரன் தலைமையிலான குழு, விதிகளுக்கு விளைவு மதிப்பீடு வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது.

தாராவியின் ஓரமாக மித்தி நதி ஓடுகிறது. அக்கரையில் பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸ்; அங்கேதான் செபியின் தலைமையகமும் தேசியப் பங்குச் சந்தையும் இருக்கின்றன. 2025-ல் செபி தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டது: புதிய ஒழுங்குமுறை எதையும் கொண்டுவரும் முன், நோக்கத்தை விளக்கி, வரைவை வெளியிட்டு, 21 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ரிசர்வ் வங்கியும் இதே போன்ற நடைமுறையை அறிவித்தது. பங்குத் தரகருக்கும் வங்கிக்கும் கிடைத்த இந்த மரியாதை நதியைத் தாண்டி இக்கரைக்கு வரவில்லை. வந்தாலும், 21 நாள் ஆங்கிலத்தில் இணையதளத்தில் கிடக்கும் வரைவை, காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எப்போது படிப்பார் என்பது வேறு கேள்வி. தாராவியில் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் உருதுவிலும் நேரில் வந்துதான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் படிப்பவர், விதிகளைக் குறைத்தாலே போதும் என்று நினைத்தால் செம்பூருக்கு ஒரு நடை போய்வரலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தப் புறநகரில் 1980-களிலேயே ‘காஸ் சேம்பர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயனச் சேமிப்புக் கிடங்குகள். 2020 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள நான்கு நிறுவனங்கள் காற்றை மாசுபடுத்தியதற்காக மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. விதி பலவீனமாக இருந்த ஆண்டுகளில் அந்தச் செலவை யார் கட்டினார்கள்? மூச்சிரைப்போடு மருத்துவமனைக்குப் போனவர்கள். தாராவியின் 13-வது காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை உருக்குபவரின் நுரையீரலும் அதே கணக்கில்தான் வரும். மதிப்பீடு என்றால் தொழிலுக்கு ஆகும் செலவை மட்டும் எழுதும் ஏடு அல்ல. எதிர்ப் பக்கத்தையும் எழுத வேண்டும். செம்பூரில் வீட்டிலேயே முறுக்கு, பொடி, ஊறுகாய் செய்து விற்கும் பெண்களுக்கான உணவுப் பாதுகாப்பு விதி ஓரளவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2011-ல் வந்த அந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உரிமம் கேட்கவில்லை. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு போதும் என்றன. அளவுக்குத் தகுந்த விதி. சாப்பிடுகிறவருக்கும் பாதுகாப்பு, செய்கிறவருக்கும் மூச்சு.

சிறியவருக்கு நல்லது செய்யப்போன விதியே அவரைக் கடித்த கதையும் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது, யாரும் மதிக்கவில்லை. 2023 நிதிச் சட்டம் அதற்குப் பல் வைத்தது: காலத்தில் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. 2024-ல் அது உறைக்கத் தொடங்கியபோது வணிகர் அமைப்புகள் ஒத்திவைக்கக் கேட்டன. மூன்று மாதம், நான்கு மாதம் கடன் என்று ஓடிப் பழகிய சந்தையில், பெரிய கடைக்காரர், சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவரிடம் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்று கண்டுகொள்வார் என்ற பயம் சிறியவர்களுக்கே வந்தது. பதிவு செய்தவருக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பினாலேயே பதிவு செய்யாதவருக்கு ஆர்டர். காகிதத்தில் அப்பழுக்கற்ற விதி, கடைத்தெருவில் வேறு முகம் காட்டுகிறது. கடைத்தெருவின் கடன் பழக்கம் தெரிந்த ஒருவரை மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது தாராவியில் நடப்பது இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரியது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்துக்காக, 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் கட்டுமானம் என்பது முதல் தகுதி. தகுதி பெறும் தொழிலகத்துக்கு 225 சதுர அடி இலவசம். ஐந்து ஆண்டு மாநில ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்பது தொழில்களுக்கான சலுகைகளில் ஒன்று.

இந்த எண்களைப் பட்டறையின் பக்கத்திலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். 2000-க்குப் பிறகு தொழில் தொடங்கிய இளைஞர் எந்தக் கட்டுமானத்தில் வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறாரோ அதன் வயதுதான் அவருடைய தகுதி. தரைத்தளம் என்ற சொல் மாலாவில் ஓடும் மெஷின்களைப் பார்க்கவில்லை. வரி திரும்பக் கிடைப்பது வரி கட்டுபவருக்குத்தான். 40 லட்சத்துக்குக் கீழே, பதிவில்லாமல், இன்னொரு பட்டறைக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவருக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் கிடையாது. கணக்கெடுப்பு கதவுகளுக்கு எண் போடுகிறது. ஒரு தோல்பை தாராவிக்குள் எத்தனை கதவு கடந்து முழுமையாகிறது, ஒரு இடத்தில் வெட்டி, ஒரு இடத்தில் ஒட்டி, ஒரு இடத்தில் தைத்து, ஜிப்பும் லைனிங் துணியும் நாலு கடை தள்ளி வாங்கி முடிக்க எத்தனை நடை ஆகிறது, இந்தக் கதவுகளை வேறு வேறு கட்டடத்தின் வேறு வேறு மாடிகளில் வைத்தால் ஒரு பைக்கு எவ்வளவு கூடும் என்ற கணக்கை, மெஷின்கள் இடம் மாறுவதற்கு முன்பே போட்டுவிடலாம். அதற்குப் பதில் சொல்லக்கூடிய பட்டறைக்காரர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.